வீடும் வோட்டும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதன என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். முதலிரண்டை ஒருவன் தன் கைவருத்தத்தால் ஒருவாறு தேடிக்கொள்ளலாம். உறையுளின் நிலை வேறு. நிலம் யாருடையது, அதைப் பற்றிய சட்டத்தை இயற்றுவோர் யாவர், நீர்க்குழாயும் சாக்கடையும் தெருவிளக்கும் யாருடைய ஆணையால் வருகின்றன என்னும் கேள்விகளுக்கு விடை கிடைத்த பின்னரே ஒரு கூரை நிலைபெறும். ஆதலின் வீட்டுப் பிரச்சினையை ஊராட்சிப் பிரச்சினையினின்றும் பிரித்துப் பேசுதல் வீண். மலாயாத் தமிழர், சிறப்பாகத் தோட்டத் தமிழர், இவ்வுண்மையைப் பெரு விலை கொடுத்துக் கற்றனர். அவ்வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

ஸ்தல சுயாட்சி என்றதும் நம்மவர் உத்திரமேரூரை எடுத்துக் காட்டி மார்தட்டுவது வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகள் வியக்கத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். கணக்குக் காட்டாதவன் மீண்டும் பதவிக்கு வரலாகாது என்றும் விதித்தனர். ஆயின் நம் பெருமைக்காரர் வாசிக்காமல் விட்டுவிடும் வரிகளும் அக்கல்வெட்டில் உண்டு. குடவோலைக்குப் பெயர் கொடுப்பவனுக்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் இருத்தல் வேண்டும். அவன் தன் சொந்த மனையில் எடுத்த வீட்டில் குடியிருத்தல் வேண்டும். வேதம் ஓதியிருத்தல் வேண்டும். அது பிராமணர் சபை. அந்நிலத்தில் உழுது களைத்தவனுக்கு அக்குடத்தில் ஓலை ஏது? சொந்த மனை இல்லாதவனுக்கு ஊராட்சியில் இடமில்லை என்பது அன்றைய விதி. அவ்விதி ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், கல்லில் பொறிக்கப்படாமலே, மலாயாவின் ரப்பர்க் காட்டில் மீண்டும் தலைகாட்டிற்று.

தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று மலாயாவின் தொழிலாளர் சட்டங்கள், குறிப்பாக 1923 ஆம் ஆண்டின் சட்டம், விதித்தன. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது! ஆனால் அந்த லயன் வீடு வேலைக்குக் கூலியோடு வந்த வீடு. வேலை உள்ளவரை கூரை; வேலை போனால் கூரையும் போம். தண்ணீர்க் குழாய், மருந்துக் கொட்டகை, ஆயக் கொட்டகை, தமிழ்ப் பள்ளி, கள்ளுக்கடை ஆகிய அனைத்தும் கம்பெனி நிலத்தில் நின்றன. அங்கே துரையே நகரசபைத் தலைவர், கிராணியே காரியதரிசி, கங்காணியே வட்டப் பிரதிநிதி. தேர்தல் ஒன்றுதான் இல்லை. பட்டணத்துத் தமிழரில் பலர் நிலையும் இதனின்றும் வெகு தூரமில்லை. ரயில்வே லயன், மராமத்து இலாகா லயன், நகரசுத்தித் தொழிலாளர் லயன் என்று அங்கும் கூரை வேலையோடு கட்டுண்டே கிடந்தது.

இனி, மலாயாவில் வோட்டு வந்த கதையைப் பார்ப்போம். ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் சட்டம் 1950 இல் நிறைவேறிற்று. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் ஒன்பது ஸ்தானங்களுக்கும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரில் பன்னிரண்டு ஸ்தானங்களுக்கும் ஜனங்கள் வோட்டளித்தனர். ஆயினும் 1948 ஆம் ஆண்டின் பெடரேஷன் ஒப்பந்தம் பிரஜா உரிமைக்கு விதித்த கடும் நிபந்தனைகளால், தமிழரிற் பலர் வோட்டர் பட்டியலுக்கு வெளியே நின்றனர்.

அதே 1952 ஆம் ஆண்டில் பேராக்கின் தென்கோடியில், பெர்னாம் ஆற்றங்கரையில் உள்ள தஞ்சோங் மாலிமில் நடந்ததை நினைவு கூர்வோம். மார்ச் 25 ஆம் நாள், அவ்வூரின் நீர்க்குழாயைச் செப்பனிடச் சென்ற கூட்டத்தைக் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்கள் வழிமறித்துச் சுட்டனர். உதவி ஜில்லா அதிகாரி மைக்கேல் காட்னர் உட்படப் பன்னிருவர் மாண்டனர். இரண்டு நாட்களில் ஹை கமிஷனர் டெம்ப்ளர் நேரில் வந்து ஊர்ப் பெரியோரைக் கூட்டிக் கடிந்துரைத்து, ஊர் முழுமைக்கும் தண்டனை விதித்தார். நாளொன்றுக்கு இருபத்திரண்டு மணி நேர ஊரடங்கு, அரிசிப் பங்கீடு குறைப்பு, பள்ளிகள் மூடல். பிறகு வீடுதோறும் ஒரு கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது. கொரில்லாக்களைப் பற்றித் தெரிந்ததைப் பெயரிடாது எழுதிப் பூட்டிய பெட்டியில் இட வேண்டும். அப்பெட்டிகள் கோலாலம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஊர்ப் பிரதிநிதிகள் முன்னிலையில் திறக்கப்பட்டன. தலைநகரில் வோட்டுப் பெட்டி வந்த சில வாரங்களில் தஞ்சோங் மாலிமுக்கு வந்த பெட்டி இது! தலைநகரத்தான் தனக்கு வேண்டியவனைப் பெட்டியிற் குறித்தான். தஞ்சோங் மாலிமியான் தன் அண்டை வீட்டானைக் குறிக்கும்படி கேட்கப்பட்டான். ஆளத் தகுதியில்லாதவராகக் கருதப்பட்ட மக்கள், தண்டனை அனுபவிக்க மட்டும் ஒரே ஊராராகக் கருதப்பட்டனர்.

அவ்வாண்டிலேயே கிராமக் கவுன்சில் சட்டமும் பிறந்தது. நெருக்கடியின்போது சுமார் ஐந்து இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர், பலவந்தமாகப் பெயர்க்கப்பட்டுப் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். முள்வேலிக்குள் அவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. எனினும் காலப்போக்கில் அக்கிராமங்கள் பலவற்றுக்கு மனைப் பத்திரமும், வரி விதித்துச் செலவிடும் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலும் கிடைத்தன. அதே காலத்தில் தோட்டத் தொழிலாளரும் ஒருசேரத் திரட்டப்பட்டு வேலிக்குள் வைக்கப்பட்டனர். ஆனால் அவர்கள் திரட்டப்பட்டது முதலாளியின் நிலத்திலேயே. வேலி இருவருக்கும் வந்தது. கவுன்சில் ஒருவருக்கே வந்தது. தோட்டம் தனியார் சொத்து என்னும் ஒரு சொல்லே காரணம். 1957 இல் சுதந்தரம் வந்து, கிராம அபிவிருத்திப் பணம் சாலையாகவும் விளக்காகவும் நாடெங்கும் பரந்தபோதும், அதே சொல் தோட்ட வாயிலில் காவல் நின்றது.

நகரசபைகள் என்ன சாதித்தன என்று கேட்பார்க்கு விடையுண்டு. 1957 இல் ஜார்ஜ் டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன் என்னும் தமிழர். சமதர்மிகளின் கையிலிருந்த அச்சபை ஏழைகளுக்குக் குறைந்த வாடகை அடுக்குவீடுகளை எழுப்பிற்று. ஈப்போவில், ஏழைகளின் வக்கீல் எனப் பெயர் பெற்ற டி. ஆர். சீனிவாசகமும் அவர்தம் மக்கள் முற்போக்குக் கட்சியும் நகரசபையைக் கைக்கொண்டு, தூய்மைக்குப் பெயர் பெற்ற ஊராக அதை ஆக்கினர். அங்குச் சாக்கடை அடைத்துக்கொண்டால் ஜனங்கள் போய்க் கதவைத் தட்டுதற்கு ஒரு வட்டப் பிரதிநிதி இருந்தார். தட்டியும் திறவாதாரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பும் வழியும் இருந்தது. ஆனால் ஈப்போவினின்றும் சில மைல் சென்று தோட்டத்து வாயிலைத் தாண்டினால் அந்தக் கதவு இல்லை.

கதவில்லாத மக்கள் சும்மா இருந்தனரல்லர். வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர் லயனைவிட்டு வெளியேற்றப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்வெட்டுத் தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டிப் பங்கு சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கினர். இது நம் வரலாற்றில் போற்றத்தக்க செயல். எனினும் ஒன்று கூறுவோம். பிறர் வோட்டைக் கொண்டு சர்க்காரிடம் பெற்றதை, நம்மவர் தம் கூலியைக் கொண்டு சந்தையில் வாங்க நேர்ந்தது.

இதற்கிடையில் நகரத்தார்க்கிருந்த கதவும் மூடிற்று. இந்தோனேசிய மோதலைக் காரணங்காட்டி 1965 மார்ச்சில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. தாற்காலிகம் என்றே கூறினர். அவ்வாண்டிலேயே செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் ராயல் கமிஷன் ஒன்று அமைந்தது. அது நாடு முழுதும் விசாரித்து, 1968 இல் தேர்தல் முறையே மீள வேண்டும் என்று அறிக்கை தந்தது. பலன்? 1976 ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலை அறவே ஒழித்து, கவுன்சிலர்களை மாநில சர்க்கார் நியமிக்கும் முறையை நிலைநாட்டிற்று. பினாங்கு மாநிலம் 2012 இல் தன் சட்டத்தால் தேர்தலை மீட்க முயன்றது. 2014 இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மோதல் 1966 இல் முடிந்தது, தாற்காலிகம் முடியவில்லை.

இவ்வரலாற்றின் கொடுமையை வாசகர் ஊன்றி நோக்குக. தோட்டங்கள் கைமாறிச் செம்பனையாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிய காலத்தில்தான் தோட்டத் தமிழர் பெருந்தொகையாகப் பட்டணம் புகுந்தனர். நகரசபை அவர்களுக்கு மிகவும் தேவைப்பட்ட காலம் அதுவே. தோட்டத்தில் இருந்தபோது கவுன்சில் இருந்தது, அவர்களுக்கில்லை. பட்டணத்துக்கு வந்தபோது அவர்கள் இருந்தனர், தேர்தல் இல்லை. புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கும், மலிவு வீட்டுக்கு மனுப்போட்டுக் காத்திருப்பவனுக்கும், கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் நிலம் கேட்பவனுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஊர்ப் பிரதிநிதி இல்லாது போயினான்.

தேர்தல் வந்தால் வீடு தானே முளைத்துவிடும் என்று நாம் கூறவில்லை. தேர்ந்தெடுத்த சபையிலும் திருடர் நுழைவர். இனத்துவேஷம் பேசி வோட்டுக் கேட்போரும் உண்டு. கணக்குக் காட்டாதவனை விலக்க வேண்டுமென்று உத்திரமேரூரார் அன்றே எழுதியதும் அதனாற்றான். ஆயினும் திருடனை வெளியேற்ற வோட்டைவிட எளிய கருவி ஏழையின் கையில் வேறில்லை.

தஞ்சோங் மாலிம் இன்று வெகுவாக மாறிவிட்டது. 1922 இல் தோன்றிய ஆசிரியர் கல்லூரி பல்கலைக்கழகமாயிற்று. மோட்டார்க் கார்த் தொழிற்சாலை வந்தது. 2016 முதல் அவ்வூர் முஅல்லிம் என்னும் தனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் எந்த நீர்க்குழாயின் பெயரால் 1952 இல் ஊரே தண்டிக்கப்பட்டதோ, அக்குழாயையும் தெருவையும் மனையையும் பற்றி முடிவு செய்யும் மன்றத்துக்கு அவ்வூரார் ஒருவரையும் வோட்டளித்து அனுப்ப இயலாது. நம் சங்கங்கள் ஆண்டுதோறும் தீர்மானங்கள் நிறைவேற்றுகின்றன. வீடு வேண்டும் என்னும் தீர்மானத்தை எழுதும்போது, அதன் அடியில் ஊராட்சித் தேர்தல் வேண்டும் என்னும் தீர்மானத்தையும் எழுதுக. இரண்டும் ஒரே கோரிக்கை என்பதை லயன் வீட்டில் பிறந்தவர்க்கு நாம் விளக்கிக் கூற வேண்டுவதில்லை.