நடுச்செவிச் சீரமைப்பில் டைட்டானிய உள்வைப்புகள்

செவிப்பறைக்கும் உட்செவிக்கும் இடையே ஒலியைக் கடத்தும் மூன்று சிற்றெலும்புகளில் ஒன்றோ பலவோ நோயினாலோ காயத்தினாலோ அழிந்துபோகும்போது, அவற்றின் வேலையை ஏற்றுச் செய்யும்படி அறுவை மருத்துவர்கள் பொருத்தும் மிகச் சிறிய உலோகத் தண்டுகள் டைட்டானிய நடுச்செவி உள்வைப்புகள் எனப்படுகின்றன. சில மில்லிகிராம் எடையும் பெரும்பாலும் 7 மில்லிமீட்டருக்கு மிகாத நீளமும் கொண்ட இவை 1990களில் ஜெர்மனியில் உருவாகி, அடுத்த பத்தாண்டுக்குள் உலகின் பல நாடுகளிலும் பரவின. அதற்கு முன் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பிளாஸ்டிக், பீங்கான், தங்கம், பிறர் எலும்பு என மருத்துவர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்துக் கைவிட்டவற்றை நினைவில் கொண்டாலன்றி டைட்டானியம் வென்ற காரணம் விளங்காது.

நடுச்செவியின் வேலை, காற்றில் வரும் அதிர்வை உட்செவியிலுள்ள நீர்மத்துக்கு மாற்றிக்கொடுப்பது. காற்றிலிருந்து நேரே நீர்மத்தின் மேல் விழும் ஒலியின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும் என்பதால், அந்த இழப்பை ஈடுகட்ட இயற்கை இரண்டு உத்திகளைக் கையாள்கிறது. ஏறக்குறைய 55 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள செவிப்பறை வாங்கும் விசை, 3.2 சதுர மில்லிமீட்டர் மட்டுமே உள்ள அங்கவடி எலும்பின் அடித்தட்டில் குவிவதால் அழுத்தம் 17 மடங்காகிறது. சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் சேர்ந்த நெம்புகோல் அமைப்பு அதை மேலும் 1.3 மடங்கு பெருக்குகிறது. இரண்டும் சேர்ந்து தருவது சுமார் 27 டெசிபெல். இந்த இயக்கத்தை ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1868இல் விரிவாக விளக்கினார். எலும்புச் சங்கிலி அறுந்து, செவிப்பறை மட்டும் கிழியாமல் நின்றால், கடத்தப்படும் ஒலியில் 60 டெசிபெல் வரை குறைந்துவிடும்; ஓட்டையான செவிப்பறையை விட ஓட்டையில்லாத செவிப்பறை இந்த நிலையில் கேள்திறனுக்குக் கூடுதல் தடையாவது விந்தையே.

சங்கிலி அறுவதற்குப் பெருங்காரணம் நாட்பட்ட காதுச்சீழ் நோய். பட்டடை எலும்பின் நீண்ட முனை மெலிந்தது, இரத்த ஓட்டமும் குறைந்தது. ஆகவே முதலில் அரிக்கப்படுவது பெரும்பாலும் அதுவே. தோல் நடுச்செவிக்குள் புகுந்து கட்டியாக வளர்ந்து எலும்பைத் தின்னும் கொலஸ்டியடோமா என்னும் நோய் இன்னும் கடுமையானது. உலக சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை, நாட்பட்ட காதுச்சீழ் நோய் மக்களில் 4 விழுக்காட்டுக்கு மேல் காணப்படும் நாடுகளின் வரிசையில் இந்தியாவையும் சேர்த்திருந்தது. எனவே இந்தச் சிறு தண்டுகளின் வரலாறு மேலை நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

செயற்கைச் செவிப்பறை என்னும் எண்ணம் பழையது. லண்டனில் ஜோசப் டாயின்பி 1853இல் ரப்பர் வட்டு ஒன்றைக் காதுக்குள் பொருத்தினார். ஆனால் செவிப்பறைக்குப் பின்னால் கையை வைக்க 19ஆம் நூற்றாண்டில் துணிந்த சிலரும் சீழ்த்தொற்று மூளையுறைக்குப் பரவியதைக் கண்டு பின்வாங்கினர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் அறுவை நுண்ணோக்கியும் வந்த பிறகே நிலைமை மாறியது. அங்கவடி எலும்பு இறுகிப்போகும் ஓட்டோஸ்கிளீரோசிஸ் நோய்க்கு நியூயார்க்கில் சாமுவேல் ரோசன் 1952இல் அறுவை செய்தபோது, இறுக்கத்தைச் சோதிக்கத் தொட்ட எலும்பு தற்செயலாக விடுபட்டு, நோயாளிக்கு அங்கேயே கேட்கத் தொடங்கியது. மெம்பிஸ் நகரில் ஜான் ஷே 1956இல் அந்த எலும்பையே எடுத்துவிட்டு டெஃப்ளானால் செய்த அங்கவடியை வைத்தார். ஏறத்தாழ இதே காலத்தில் ஜெர்மனியில் வுல்ஸ்டைனும் ட்ஸோல்னரும், சீழை அகற்றுவதோடு நில்லாமல் செவிப்பறையையும் சங்கிலியையும் கட்டியெழுப்பும் முறையை வகுத்து, அதற்கு டிம்பனோபிளாஸ்டி என்று பெயர் கொடுத்தனர். 1952இல் வுல்ஸ்டைன் வினைல்-அக்ரில் பிளாஸ்டிக்கால் செய்த ஒரு சிறு தூணை நடுச்செவியில் நிறுத்தினார். திசு அதை ஏற்கவில்லை. பறவைகளுக்கு மூன்று எலும்புக்குப் பதில் ஒரே தண்டெலும்புதான் உண்டு. மனிதக் காதிலும் ஒற்றைத் தண்டு போதும் என்று அவர் நினைத்தது தவறன்று, தேர்ந்த பொருள்தான் தவறு.

பிறகு தொடங்கியது பொருள்தேடும் படலம். நோயாளியின் சொந்தப் பட்டடை எலும்பையே செதுக்கி வேறிடத்தில் வைக்கும் முறை 1957இல் வந்தது. இது இன்றுவரை நிலைத்துள்ளது. இறந்தவர் எலும்பைப் பதப்படுத்திப் பயன்படுத்தும் வழக்கம் 1960களில் பரவி, மூளையைத் தாக்கும் அரிய தொற்றுநோய்களும் எச்.ஐ.வி.யும் அச்சமூட்டியபின் பெரும்பாலும் ஒழிந்தது. 1970களின் நடுவில் ஷே நுண்துளைகள் கொண்ட பாலிஎத்திலீனை அறிமுகப்படுத்தினார்; அங்கவடியின் மேற்பகுதி எஞ்சியிருந்தால் பகுதி உள்வைப்பு, அடித்தட்டு மட்டுமே எஞ்சியிருந்தால் முழு உள்வைப்பு என்று இன்றும் வழங்கும் பிரிவினை அப்போது நிலைபெற்றது. வெளித்தள்ளப்படும் ஆபத்து அதிகம் என்பதே பாலிஎத்திலீன் மேல் இருந்த குற்றச்சாட்டு. அடுத்து வந்த பீங்கான்களில், எலும்பின் கனிமத்தை ஒத்த ஹைட்ராக்ஸிஅபடைட் சிறப்பாகத் திசுவுடன் ஒத்துப்போனாலும், நொறுங்கக்கூடியது, அறுவை மேசையில் நீளம் திருத்தவும் எளிதானதன்று. தங்கமும் சில காலம் பயன்பட்டது. ஆனால் அதன் அடர்த்தி கன செ.மீ.க்கு 19.3 கிராம். இயல்பான அங்கவடி எலும்பு சுமார் 3 மில்லிகிராம் மட்டுமே இருக்கும் இடத்தில் பல மடங்கு கனத்தை ஏற்றினால், உயர் அதிர்வெண் ஒலிகளுக்கு ஏற்ப அசையவே முடியாமல் அது சோர்ந்துவிடும்.

டைட்டானியத்தின் அடர்த்தி 4.5 மட்டுமே; காற்றுப் பட்டவுடன் மேற்பரப்பில் படியும் ஆக்சைடு மென்படலம் உடல் நீர்மங்கள் உலோகத்தை அரிக்காமல் காக்கிறது; காந்தத்தால் ஈர்க்கப்படாததால் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கத் தடையில்லை. ஆயினும் அதற்குப் புகழ் தேடித்தந்த இயல்பு வேறு. சுவீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க், முயலின் எலும்பில் வைத்த டைட்டானிய அறைகள் எலும்போடு ஒன்றிப்போனதை 1950களில் கண்டார். 1965இல் பல்வேர்களாக அதைப் பயன்படுத்தினார். 1977இல் யோத்தபோரியில் ஆண்டர்ஸ் டெல்ஸ்ட்ரோம் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் டைட்டானியத் திருகு பதித்து அதில் கேட்புக் கருவியைப் பொருத்தினார். பல்லுக்கும் திருகுக்கும் வரமான இந்த ஒட்டுதல் நடுச்செவியில் சாபம். இங்கே எதிர்பார்ப்பது அசைவு. தண்டு பக்கத்து எலும்புச் சுவரோடு இணைந்துவிட்டால் கேள்திறன் போய்விடும். ஆகவே சுவரைத் தொடாமல் நிறுத்துவது இந்த அறுவையின் முதல் விதி.

டுசெல்டார்ஃபில் ஸ்டுப்பும் சக மருத்துவர்களும் 1990களின் நடுப்பகுதியில் டைட்டானியத் தண்டுகளைக் காதில் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டனர். டுபிங்கனில் ட்ஸென்னர் குழு உருவாக்கி 2001இல் வெளியிட்ட வடிவமைப்பு, பொருளை விட வடிவமே வெற்றிக்கு வழி என்பதைக் காட்டியது. முந்திய உள்வைப்புகளின் தலைப்பகுதி முழுத்தகடாக இருந்து, கீழே தண்டின் முனை எங்கே நிற்கிறது என்பதை மறைத்தது. இவர்களோ தகட்டைத் துளைகளிட்ட சட்டமாக்கி, தண்டை 0.2 மில்லிமீட்டர் தடிமனுக்கு மெலிவித்தனர். நுண்ணோக்கி வழியே பார்க்கும் மருத்துவர் சட்டத்தின் ஊடாக அடித்தட்டைப் பார்க்க முடிந்தது. பீங்கானில் இத்தகைய நுண்மை இயலாது, உலோகத்தில் இயன்றது. டுபிங்கனை ஒட்டிய டுஸ்லிங்கன் என்னும் சிற்றூரின் குர்ட்ஸ் நிறுவனம் இத்துறையில் பெயர்பெற்றதும் இந்தப் பகுதியின் கைவினைத் திறத்தால்தான்.

அறுவையின்போது முதலில் மாதிரி அளவுகோல் தண்டுகளால் இடைவெளி அளக்கப்படுகிறது. தண்டு நீளமானால் அங்கவடியின் விளிம்புத் தசைநார் இழுபட்டு விறைத்துக் கேள்திறன் குறையும். குட்டையானால் இடம்பெயர்ந்து விழும். தகட்டுக்கும் செவிப்பறைக்கும் நடுவே காதுமடலிலிருந்து எடுத்த மெல்லிய குருத்தெலும்புத் துண்டு வைப்பது வழக்கம். அது இல்லாவிட்டால் உலோகம் நாளடைவில் செவிப்பறையைத் துளைத்து வெளிவந்துவிடக்கூடும். இந்த எளிய தடுப்பு, விலையுயர்ந்த எந்த மேம்பாட்டையும் விடக் கூடுதலாக வெளித்தள்ளலைக் குறைத்தது எனலாம்.

மற்றொரு சிக்கல் காற்றழுத்தத்தால் வருவது. தும்மல், மூக்குச் சிந்தல், விமானப் பயணம் போன்றவற்றில் செவிப்பறை ஒரு மில்லிமீட்டர் வரை அசையும். ஒலியதிர்விலோ அசைவு மிக நுண்ணியது. இயற்கைச் சங்கிலியின் மூட்டுகள் நெகிழ்ந்துகொடுத்து அந்த அசைவில் மிகச் சொற்பத்தையே அங்கவடிக்கு விடுகின்றன என்று கார்ல்-பெர்ன்ட் ஹூட்டன்பிரிங்க் 1980களில் நிறுவினார். வளையாத தண்டுக்கு இந்த நெகிழ்வு இல்லை. அவரும் ட்ரெஸ்டனில் உடன் பணியாற்றிய சானெர்ட் முதலியோரும் 2004இல் வெளியிட்ட டைட்டானியக் கவ்வி, அங்கவடியின் தலையைச் சிறு விரல்களால் பற்றி, நழுவாமல் நின்றது. பின்னர் உருண்டை மூட்டு கொண்ட தண்டுகளும் வந்தன. அதேபோல், நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிடினால் என்னும் வடிவநினைவுக் கலவை, லேசர் வெப்பம் பட்டதும் பட்டடை எலும்பின் முனையைத் தானே சுற்றிக்கொள்ளும் கொக்கியாக அங்கவடி அறுவையில் பயன்பட்டது.

டைட்டானியம் உறையாகவும் உதவியது. தானும் கேள்திறன் குறைந்த அமெரிக்கப் பொறியாளர் ஜெஃப்ரி பால் வடிவமைத்த, டைட்டானிய உறைக்குள் காந்தம் அசையும் அதிர்வி, 1996இல் சூரிச்சில் உகோ ஃபிஷ் கையால் முதன்முதலாகப் பட்டடை எலும்பில் பொருத்தப்பட்டது. சங்கிலியே இல்லாதவருக்கு அதை உட்செவியின் வட்டச் சாளரத்தில் வைக்கும் வழியை வெரோனாவின் கொலெட்டி 2006இல் வெளியிட்டார்.

வெற்றியை அளக்க, காற்று வழியாகவும் எலும்பு வழியாகவும் கேட்கும் அளவுகளுக்கு இடைப்பட்ட வேறுபாடு 20 டெசிபெலுக்குள் வந்ததா என்று பார்ப்பது வழக்கம். அங்கவடி முழுதும் எஞ்சிய காதுகளில் பகுதி உள்வைப்பு, முழு உள்வைப்பை விடப் பொதுவாக நல்ல பலன் தருகிறது. சுத்தியெலும்பின் கைப்பிடி நிற்கிறதா, நடுச்செவிக்குள் காற்று தடையின்றிப் புகுகிறதா, சீழ் அடங்கியதா என்பவை உலோகத்தின் பெயரை விடக் கூடுதலாகப் பலனைத் தீர்மானிக்கின்றன. அதனால்தான் நோய் தாக்காத பட்டடை எலும்பு கிடைத்தால் அதையே செதுக்கி வைப்பதை, விலையும் மிச்சம் என்று கருதி, தமிழ்நாடு உட்பட இந்திய அறுவை மருத்துவர்கள் பலர் விடவில்லை. கொலஸ்டியடோமா உள்ள காதில் அந்த எலும்பிலும் நோய் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் அதைப் பயன்படுத்த இயலாது. நோயை முதல் அறுவையில் அகற்றி, ஆறு மாதம் முதல் ஓராண்டு கழித்துக் காதைத் திரும்பத் திறந்து, மீண்டும் வளரவில்லை என்று உறுதி செய்தபிறகே டைட்டானியத் தண்டை நிறுத்துவர்.