பாலாற்றுக் கிணறும் மேல்முறையீட்டு வக்கீலும்: ஓர் இழப்பீட்டு வழக்கின் வரலாறு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தோல் பதனிடும் ஆலையைத் ‘தோல் ஷாப்பு’ என்பார்கள். ஆவாரம் பட்டையில் பதனிட்டுவந்த தொழில், 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தபின் வேகமாகக் குரோமியத்துக்கு மாறியது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவானது. அந்தத் தண்ணீர் கழிவாகப் பாலாற்றிலும் வயற்கால்களிலும் இறங்கிற்று.

கிணறு கெட்டவர் உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்கச் சட்டத்தில் தடை இருந்ததில்லை. தடை செலவிலும் சான்றிலும் இருந்தது. 2017 வரை தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஏழரை ரூபாய் கோர்ட்டுக் கட்டணம். ஒரு லட்சம் கேட்டால் முதல் நாளே 7,500 ரூபாய் கட்டவேண்டும். அடுத்து எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்: உங்கள் கிணற்றில் இறங்கிய உப்பு எந்த ஷாப்பின் உப்பு? பச்சைத்தோல் அழுகாமலிருக்கத் தூவும் உப்பு முதல் ஊறலிலேயே கரைந்து வெளியேறுகிறது. மண்ணுக்குள் போனபின் அது எந்த முதலாளியுடையது என்று யார் சொல்வது? 1976 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் மேல்முறையீடு முக்கியச் சட்டப்பிரச்சினை இருந்தால்தான் ஏற்கப்படும். ஆகவே கீழ்க்கோர்ட்டில் விடுபட்ட சான்றை மேலே ஈடுசெய்வது எந்த வக்கீலுக்கும் அரிது.

இந்த முட்டுக்கட்டையைச் சுற்றிக்கொண்டு போகும் வழியை வகுத்தவர்களில் முதன்மையானவர் வக்கீல் எம்.சி. மேத்தா. 1984இல் தாஜ்மகாலுக்காக மனுப்போட்டவர். அவரே தொடுத்த டெல்லி ஸ்ரீராம் ஆலையின் ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், 1986 டிசம்பரில், அபாயகரமான தொழில் நடத்துபவர் விதிவிலக்கின்றிப் பொறுப்பு என்ற நெறியை உச்ச நீதிமன்றம் வகுத்தது. 1868இன் ரைலண்ட்ஸ்–பிளெட்சர் ஆங்கிலத் தீர்ப்பு விட்டுவைத்திருந்த விலக்குகள் இத்தகைய தொழில்களுக்கு இந்தியாவில் அன்றோடு அடைபட்டன. தனி விவசாயி கவனக்குறைவை நிரூபிக்கவேண்டிய சுமையும் குறைந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் நேரடியாக உச்ச நீதிமன்றம் போயிற்று. அரசியல் சட்டத்தின் 32ஆம் பிரிவில் போடும் ரிட் மனுவுக்கு, கேட்கும் தொகையைப் பொறுத்த கட்டணம் இல்லை. மன்றத்துக்காக மேத்தா வாதாடினார். 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு, ஒற்றைக் கிணற்றின் சான்று தரமுடியாத வலுவைத் தந்தது. 1996 ஆகஸ்ட் 28இல் குல்தீப் சிங், பைசான் உதின், கே. வெங்கடசாமி அமர்வு, மாசுபடுத்துபவரே செலவை ஏற்கவேண்டும் என்பதை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென அறிவித்தது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். மேத்தாவின் கட்டணத்துக்கும் செலவுக்கும் மாநில அரசு 50,000 ரூபாய் தரவேண்டும் என்றும் அத்தீர்ப்பிலேயே உள்ளது. பல ஆண்டு உழைப்புக்கு அது சொற்பம் என்றே கருதுகிறேன்.

நஷ்டத்தைக் கணக்கிட ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் சூழல் இழப்பு ஆணையம் அமைந்தது. அதன் 2001 மார்ச் 7 ஆணைப்படி 29,193 பேருக்கு 547 ஆலைகள் 26.82 கோடி ரூபாய் தரவேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு 9,200 ரூபாய்க்கும் கீழே. நிலத்தையே இழந்தவருக்கு இது இழப்பீடா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் இன்னும் உரக்கக் கேட்கவேண்டும். அந்தத் தொகையும் எல்லாருக்கும் போய்ச்சேரவில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்று, 2010இல் தீர்ப்பாகி, மறுபடி டெல்லிக்கு ஏறியது.

2025 ஜனவரி 30இல் பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு சுமையை மீண்டும் இடம் மாற்றிற்று: பெறாதவர்களுக்கு மாநில அரசே ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு, பிறகு ஆலைகளிடம் வசூலிக்கவேண்டும். இதைத்தான் 1996லேயே கேட்டுப் பெற்றிருக்கவேண்டும். நெறியை வென்ற வாதம், பணம் யார் கையிலிருந்து எந்தத் தேதிக்குள் வரும் என்பதை வெல்லாமல் விட்டதில் ஒரு தலைமுறை கழிந்தது.

ஆணையத்தின் இழப்பீட்டுப் பட்டியலில் இருந்த பலர் இன்று இல்லாமலிருக்கலாம். பாலாற்றங்கரைக் குடும்பத்தினரே, வாரிசுச் சான்றிதழோடு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகங்களுக்குப் போய், அப்பா அல்லது தாத்தா பெயர் அதில் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.