ஒரு கணினி, இரு ஒலிவழிகள்: அமெச்சூர் வானொலியில் ஒலிப் பிரிப்பு வளர்ந்த விதம்

கணினி எழுப்பும் ஒலிகளில் எது வானலையில் ஏறலாம், எது அறைக்குள்ளேயே நிற்க வேண்டும் என்ற கேள்வி ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்களுக்கு 1990களின் இறுதியில்தான் தீவிரமாக எழுந்தது. அதற்கு முன் பெரும்பாலான நிலையங்களில் கணினியிலிருந்து வெளியே போனவை எழுத்துகள் மட்டுமே. ஒலி அட்டையே மோடமாக மாறியபோது நிலைமை தலைகீழானது. மின்னஞ்சல் வந்ததைச் சொல்லும் மணியோசையும், கடல் கடந்த இன்னொரு ஹாமுக்குப் போக வேண்டிய சிக்னலும் ஒரே துளை வழியாக வெளிவந்தன. இவ்விரண்டையும் பிரிக்கும் வேலை முதலில் கம்பியில் நடந்தது. பிறகு இரண்டாவது ஒலி அட்டைக்கும், அங்கிருந்து இயங்குதளத்துக்கும், கடைசியில் அலைகளை அனுப்பவும் பெறவும் செய்யும் டிரான்ஸீவருக்குள்ளும் போனது. ஒவ்வொரு நகர்வும் ஹாமின் வேலையை எளிதாக்கியது. கூடவே, எந்த ஒலி எங்கே போகிறது என்பதை அவர் கண்ணால் பார்த்து உறுதி செய்யும் வாய்ப்பையும் குறைத்தது. இந்த இரட்டை விளைவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலி கணினிக்கு வெளியே இருந்த காலம்

இன்று கணினிக்கும் டிரான்ஸீவருக்கும் நடுவே வைக்கப்படும் 600 ஓம் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் கணினியைவிட மூத்தது. தொலைபேசிக் கம்பியை வானொலியோடு இணைத்த ‘போன் பேட்ச்’ கருவிகளில் அது வேலை செய்தது. வியட்நாம் போரின்போது அங்கிருந்த அமெரிக்க வீரர்கள் வீட்டாரோடு பேச இத்தகைய இணைப்புகளே பெரிதும் உதவின. இரு கருவிகளின் தரையிணைப்புகளும் ஒன்றையொன்று தொடாமல் ஒலியை மட்டும் கடத்த வேண்டும் என்ற பாடம் அங்கேயே கற்கப்பட்டுவிட்டது.

டெலிபிரிண்டர் வழித் தொடர்பிலும் ஒலி உண்டு. 170 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டு தொனிகள் மாறி மாறி ஒலிக்கும். அவற்றைப் பிரித்தறிய தொலைபேசி நிறுவனங்கள் கழித்த 88 மில்லிஹென்றி சுருள்களைக் கொண்டு ஹாம்கள் வடிகட்டிகள் கட்டினார்கள். 1980களில் பாக்கெட் வானொலி வந்தது. 1200, 2200 ஹெர்ட்ஸ் தொனிகளைப் பயன்படுத்திய பெல் 202 முறை மோடம் தனிப்பெட்டியில் இருந்தது. கணினி அந்தப் பெட்டியோடு சீரியல் போர்ட் வழியே எழுத்துகளைப் பரிமாறிக்கொண்டது, அவ்வளவுதான். கணினியில் எந்த மணி அடித்தாலும் வானலைக்குத் தெரியாது. பிரிப்பு என்ற பிரச்சினையே இல்லாத அந்த ஏற்பாட்டுக்கு விலை ஒன்று உண்டு: புதிய முறை ஒவ்வொன்றுக்கும் புதிய வன்பொருள் தேவைப்பட்டது.

ஒரே துளை

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டது விளையாட்டுகளுக்காக. சில ஆண்டுகளில் 16 பிட் அட்டைகள் வீட்டுக் கணினிகளில் சாதாரணமாகின. ஆனால் அவற்றை வானொலியோடு பிணைத்து, அந்த வழக்கத்தைப் பரவலாக்கியது ஒரு தனிமனிதரின் பணி. பிரிட்டனின் பீட்டர் மார்ட்டினெஸ், போலந்தின் பாவெல் யலோஹா முன்னர் செய்திருந்த சோதனைகளைத் தொடர்ந்து, பி.எஸ்.கே.31 என்ற முறையை வடிவமைத்தார். தொடக்கத்தில் அது மோட்டோரோலாவின் சிக்னல் செயலிப் பலகையில் ஓடியது. அந்தப் பலகை எல்லோரிடமும் இல்லை. 1998 இறுதியில் விண்டோஸும் சாதாரண ஒலி அட்டையும் போதும் என்ற நிலையில் அதன் மென்பொருளை அவர் இலவசமாகத் தந்தார். நொடிக்கு 31.25 குறியீடுகள், தட்டச்சு செய்யும் வேகத்துக்கு அது போதும். குறைந்த சக்தியில், எளிய ஆன்டெனாவில் கண்டம் தாண்டிப் பேச முடிந்தது. அமெச்சூர் வானொலியில் இவ்வளவு பேருக்கு இவ்வளவு குறைந்த செலவில் கதவைத் திறந்துவிட்ட வேறொரு கொடை அந்தப் பத்தாண்டில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

தேவையான வன்பொருள் இரண்டு ஒலிக்கம்பிகளும் ஒரு சுவிட்ச் சுற்றும் மட்டுமே. சீரியல் போர்ட்டின் ஆர்.டி.எஸ். அல்லது டி.டி.ஆர். முனை ஒரு டிரான்சிஸ்டரையோ ஆப்டோகப்ளரையோ இயக்கி டிரான்ஸீவரை அனுப்பும் நிலைக்கு மாற்றும். அட்டையின் வெளியீடு ஏறத்தாழ ஒரு வோல்ட். மைக் உள்ளீட்டுக்குச் சில மில்லிவோல்ட்டுகளே தேவை. 10 கிலோ ஓமும் 100 ஓமும் கொண்ட இரண்டு மின்தடைகள் அதை நூறில் ஒரு பங்காக்கின. நடுவே 600 ஓம் டிரான்ஸ்பார்மர்.

ஆனால் அதே துளையில்தான் ஸ்பீக்கரும் செருகப்பட்டிருந்தது. பலர் ‘ஒய்’ வடிவப் பிரிப்பான் ஒன்றை வாங்கி ஒரு கிளையை ஸ்பீக்கருக்கும் மறுகிளையை டிரான்ஸீவருக்கும் கொடுத்தார்கள். மின்னியல் நோக்கில் இதில் தவறில்லை. குறைந்த மின்மறுப்புள்ள ஒரு வெளியீடு, உயர்ந்த மின்மறுப்புள்ள இரண்டு உள்ளீடுகளைச் சிரமமின்றித் தாங்கும். இரண்டு வெளியீடுகளை ஒரே கம்பியில் சேர்ப்பதுதான் கூடாது. ஒன்று மற்றொன்றுக்குச் சுமையாகிவிடும்.

கோளாறு வேறு மூன்று இடங்களில் வந்தது. ஒன்று, விண்டோஸின் எல்லா ஒலிகளும் இரு கிளைகளிலும் போயின. இரண்டு, ஸ்பீக்கர், கணினி, டிரான்ஸீவர் மூன்றும் தரைவழியே வளையமாக இணைந்து மின்வழங்கலின் ரீங்காரத்தை உள்ளே கொண்டுவந்தன. அனுப்பும்போது ரேடியோ அலையும் ஸ்பீக்கர் கம்பியில் ஏறிக் கணினிக்குள் திரும்பியது. மூன்றாவதுதான் மிகக் கடுமையானது, அதிகம் பேசப்படாததும் அதுவே. கணினியில் ஒலியளவு நகர்த்தி ஒன்றுதான். ஸ்பீக்கரில் சத்தம் போதவில்லை என்று அதைச் சற்று ஏற்றினால் டிரான்ஸீவருக்குப் போகும் அளவும் ஏறும். பி.எஸ்.கே.31 சிக்னலின் வீச்சு குறியீட்டுக்குக் குறியீடு மாறுவது. மிகைப்படுத்தினால் அதன் இருபுறமும் தேவையற்ற கிளைகள் முளைக்கும். மூன்று கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் பலர் அருகருகே பேசிக்கொண்டிருக்கும் இடத்தில், ஒருவர் தம் அறையில் திருகிய ஒலிக்குமிழ் அத்தனை பேரின் பேச்சையும் கெடுத்தது.

சட்டமும் இதில் குறுக்கிட்டது. அமெரிக்காவின் அமெச்சூர் விதிகள் இசையை ஒலிபரப்பத் தடை விதிக்கின்றன. இந்தியாவின் 1978-ஆம் ஆண்டு விதிகளும் அவ்வாறே. பின்னணியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்க ஒய் பிரிப்பானில் அனுப்பியவர் தம் உரிமத்தின் நிபந்தனையை மீறினார், அவர் அறியாவிட்டாலும். அதனால்தான் அக்கால ஹாம்களின் முதல் அறிவுரை ‘விண்டோஸ் ஒலிகளை எல்லாம் அணைத்துவிடு’ என்பதாக இருந்தது. அறிவுரை சரிதான். ஆனால் கணினியை ஊமையாக்கித்தான் வானொலியைக் காக்க முடியும் என்பது நிலையான தீர்வாகாது.

இடது, வலது அலைவரிசைகளைப் பிரித்து, ஒன்றை டிரான்ஸீவருக்கும் மற்றதை ஸ்பீக்கருக்கும் தரும் உத்தியும் கையாளப்பட்டது. சில மென்பொருள்கள் ஓர் அலைவரிசையை மட்டும் பயன்படுத்தும் வசதியைத் தந்தன. ஆனால் இயங்குதளத்தின் மணியோசை இரு பக்கமும் ஒலிப்பதால் இது பாதித் தீர்வாகவே நின்றது.

இரண்டாவது அட்டை

தீர்வு தற்செயலாகவே வந்தது. இன்டெல் வகுத்த ஏ.சி.97 தரத்தால் 1990களின் இறுதியில் தாய்ப்பலகையிலேயே ஒலி வசதி சேர்ந்தது. புதுக் கணினி வாங்கியவரிடம் பழைய சவுண்ட் பிளாஸ்டர் அட்டை சும்மா கிடந்தது. அதைச் செருகியதும் ஒரே கணினியில் இரண்டு ஒலிச் சாதனங்கள் இருந்தன. பலகையில் உள்ளதை விண்டோஸின் இயல்புச் சாதனமாக்கி ஸ்பீக்கரை அதில் செருகினார்கள். தனி அட்டையை ஹாம் மென்பொருளில் மட்டும் தேர்ந்தெடுத்து டிரான்ஸீவருக்கு விட்டார்கள். இரண்டுக்கும் தனித்தனி ஒலியளவு, தனித்தனிக் கம்பி. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாலே எது எங்கே போகிறது என்று தெரிந்தது. கட்டுப்பாடு இவ்வளவு வெளிப்படையாக இருந்த காலம் இதற்குப் பின் வரவில்லை.

மடிக்கணினிக்கு இது பொருந்தவில்லை. அதில் அட்டை செருக இடமில்லை. அந்த இடத்தை யு.எஸ்.பி. நிரப்பியது. யு.எஸ்.பி. ஒலிச் சாதனங்களுக்கான முதல் தரம் 1998-இலேயே வந்துவிட்டது. பர்-பிரவுன் நிறுவனத்தை வாங்கிய டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பி.சி.எம்.2900 வரிசைச் சில்லுகள் ஒலி அட்டை முழுவதையும் விரல் நுனி அளவுக்குச் சுருக்கின. டைகர்ட்ரானிக்ஸின் சிக்னலிங்க் யு.எஸ்.பி. இத்தகைய சில்லையும் டிரான்ஸ்பார்மரையும் ஒரே பெட்டியில் வைத்தது. அதன் சுவிட்ச் முறை கவனிக்கத்தக்கது: கணினியிலிருந்து ஒலி வந்த மாத்திரத்தில் அது டிரான்ஸீவரை அனுப்பும் நிலைக்குத் தள்ளும். சீரியல் போர்ட் தேவையில்லை, நிறுவுவது எளிது. ஆனால் மணியோசை ஒன்று தவறி அந்தச் சாதனத்துக்குப் போனால் போதும், டிரான்ஸீவர் தானாகவே அனுப்பத் தொடங்கிவிடும். முன்பு அனுப்பிக்கொண்டிருக்கும்போது கலந்த ஒலி, இப்போது அனுப்புதலையே தூண்ட வல்லதாயிற்று.

தவறிப் போவதும் அரிதல்ல. யு.எஸ்.பி. ஒலிச் சாதனத்தைப் புதிதாகச் செருகியதும் அதையே இயல்புச் சாதனமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் விண்டோஸுக்கு இருந்தது. ஆகவே இந்தப் பெட்டியை நிறுவும் ஹாம், செருகிய உடனே கணினியின் அமைப்புகளுக்குள் போய் இயல்புச் சாதனத்தைப் பழைய ஸ்பீக்கருக்கே மாற்ற வேண்டியிருந்தது. பெயரும் குழப்பியது. இந்தச் சில்லு உள்ள எல்லாக் கருவிகளும் கணினியில் ‘யு.எஸ்.பி. ஆடியோ கோடெக்’ என்ற ஒரே பெயரில் தோன்றின. இரண்டு டிரான்ஸீவர் வைத்திருப்பவர் எது எது என்று தெரியாமல் தாமே பெயர் மாற்றிக் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மென்பொருளே கம்பியானபோது

2002-இல் ஜெரால்ட் யங்பிளட் எழுதத் தொடங்கிய கட்டுரைத் தொடர் மென்பொருள்வழி வானொலியைச் சாதாரண ஹாம்களிடம் கொண்டுவந்தது. அந்த ஏற்பாட்டில் அலையைப் பிரித்தறியும் வேலையையே கணினி செய்தது. ஆகவே வானொலியின் ஒலி பிறப்பதே கணினிக்குள்தான். அதைக் காதுக்கு ஸ்பீக்கரிலும், குறிவிலக்க இன்னொரு நிரலிலும் ஒரே நேரத்தில் தர வேண்டும். வெளியே கம்பி போட இடமே இல்லை. மெய்நிகர் ஒலிக்கம்பிகள் இங்கேதான் அவசியமாயின: ஒரு நிரலுக்கு ஸ்பீக்கர் போலவும் மறுநிரலுக்கு மைக் போலவும் தோன்றும் மென்பொருள் சாதனங்கள் அவை.

லினக்ஸ் உலகம் இதில் முன்னே சென்றது. இசைத் தயாரிப்புக்காக எழுதப்பட்ட ஜாக் என்ற ஒலிச் சேவையகத்தில் எந்த நிரலின் வெளியீட்டையும் எத்தனை உள்ளீடுகளோடும் இணைக்கலாம். பிரிப்பு அங்கே விதிவிலக்கல்ல, இயல்பு. 2007, 2008-இல் ஃபெடோராவிலும் உபுண்டுவிலும் இயல்பாக வந்த பல்ஸ்ஆடியோ, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ஒரு சாதனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற இடம் தந்தது. 2021-இல் ஃபெடோரா 34 ஏற்றுக்கொண்ட பைப்வயர் இவ்விரண்டின் பணியையும் ஒன்றாக்கியது. அதன் இணைப்புகளை வரைபடமாகத் திரையில் பார்க்கலாம். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்த வெளிப்படைத்தன்மையின் ஒரு பகுதியை அது மீட்டுத் தந்தது என்பேன்.

விண்டோஸ் மெதுவாகவே வந்தது. விஸ்டா ஒவ்வொரு நிரலுக்கும் தனி ஒலியளவைத் தந்தது. விண்டோஸ் 7, ஓர் உள்ளீட்டை நேரே ஸ்பீக்கரில் கேட்கும் வசதியைச் சேர்த்தது. இந்த இரண்டாவது வசதி எதிர்த்திசைப் பிரிப்புக்கு உதவியது: டிரான்ஸீவரிலிருந்து வரும் ஒலியை மென்பொருள் படித்துக்கொண்டிருக்க, அதே ஒலியை ஹாமும் கேட்கலாம். ஆனால் விண்டோஸ் 7 உடன் வந்த இன்னொரு பழக்கம், அழைப்பு ஒன்று வந்ததாகக் கருதினால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் தாழ்த்துவது, அளவைக் கவனமாகச் சீர்செய்து வைத்த ஹாமுக்குத் தொல்லையாக முடியக்கூடியது. நிரல்வாரியாக வெளியீட்டுச் சாதனத்தை ஒதுக்கும் அமைப்பு 2018 ஏப்ரல் புதுப்பிப்பில்தான் விண்டோஸ் 10-க்கு வந்தது.

டிரான்ஸீவருக்குள் நுழைந்த அட்டை

ஐகாம் ஐ.சி.7200 (2008), கென்வுட் டி.எஸ்.590எஸ் (2010), ஐகாம் ஐ.சி.7300 (2016) ஆகியவை ஒலிச் சில்லைத் தம் உள்ளேயே வைத்துக்கொண்டன. ஒரே யு.எஸ்.பி. கம்பியில் ஒலியும் கட்டளையும் சென்றன. டிரான்ஸ்பார்மர், மின்தடை, ஒய் பிரிப்பான் எல்லாம் மேசையிலிருந்து மறைந்தன. 2017 ஜூலையில் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் வெளியிட்ட எஃப்.டி.8 முறை உலகெங்கும் வேகமாகப் பரவியதற்கு இந்த ஒற்றைக் கம்பி பெரிதும் துணை நின்றது.

எஃப்.டி.8-இன் சிக்னல் மாறா வீச்சுடையது, 50 ஹெர்ட்ஸ் அகலமே கொண்டது. ஆனால் ஒலியளவு மிகுந்தால் அதுவும் கெடும்: 1000 ஹெர்ட்ஸ் தொனியின் இரட்டிப்பு 2000 ஹெர்ட்ஸில் முளைத்து வானலையில் ஏறும். டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் மென்பொருள் இதைத் தவிர்க்க டிரான்ஸீவரின் அலைவெண்ணைச் சற்று நகர்த்தி, தொனியை எப்போதும் 1500-க்கும் 2000-க்கும் இடையே வைத்துக்கொள்ளும் தெரிவைத் தருகிறது. இரட்டிப்பு 3000-ஐ எட்டும்போது டிரான்ஸீவரின் வடிகட்டி அதைத் தடுத்துவிடும். ஒய் பிரிப்பான் காலத்தில் தனிமனிதரின் கவனத்தை நம்பியிருந்த ஒழுங்கு இங்கே நிரலுக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

அனுப்பும் ஆணையும் இப்போது கட்டளையாகவே போகிறது. எனவே சும்மா இருக்கும் நேரத்தில் தவறி வரும் மணியோசை டிரான்ஸீவரை எழுப்பாது. ஆனால் எஃப்.டி.8 அனுப்பும் ஒவ்வொரு முறையும் 12.64 நொடிகள் ஒலிக்கிறது. அந்த இடைவெளியில் டிரான்ஸீவரின் கோடெக்கே இயல்புச் சாதனமாக இருந்தால், கணினியில் எழும் எந்த ஒலியும் சிக்னலோடு கலந்து வானலையில் ஏறும். கட்டளை முறை அதைத் தடுக்காது. ஒற்றைக் கம்பி வந்த பின்னும் இயல்புச் சாதனத்தை ஸ்பீக்கரிலேயே நிறுத்தி, கோடெக்கை ஹாம் மென்பொருளுக்கு மட்டும் ஒதுக்கி, இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அந்த ஒதுக்கீட்டை மறுபடி சரிபார்க்கும் பணி உரிமம் பெற்றவரிடமே இருக்கிறது.