எழும்ப மறுத்த பதினைந்து வயதுப் பிள்ளை



ஆசிரியர் அறையில் நாங்கள் அடிக்கடி கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வி உண்டு. பிள்ளைகளுக்கு வரலாறும் குடியுரிமைக் கல்வியும் படிப்பித்து என்ன பயன்? பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள்தானே? இதற்கு எங்களுக்குத் தெரிந்த நல்ல பதில் 1955ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ஒரு பஸ் வண்டிக்குள் கிடைக்கிறது. சற்று நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

அலபாமா மாநிலத்தின் மொண்ட்கொமரி நகரில் அன்று பஸ்ஸின் முன் ஆசனங்கள் வெள்ளையருக்கு, பின் ஆசனங்கள் கறுப்பினத்தவருக்கு. நடுவில் யார் இருப்பது, யார் எழும்புவது என்பதைச் சாரதி தீர்மானிப்பார். மார்ச் 2ஆம் திகதி, பாடசாலை விட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த குளோடெட் கொல்வின் என்ற 15 வயது மாணவியை, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்காக எழும்பச் சொன்னார்கள். அவள் எழும்பவில்லை. நானும் காசு கொடுத்துத்தான் ஏறினேன், இங்கே இருப்பது அரசியலமைப்பு எனக்குத் தந்த உரிமை என்று வாதாடினாள். பொலிஸார் அவளை இழுத்திறக்கி விலங்கிட்டுக் கொண்டுபோனார்கள்.

அரசியலமைப்பு என்ற சொல் அந்தப் பிள்ளையின் வாயில் எப்படி வந்தது? வகுப்பறையிலிருந்துதான். அதற்கு முந்திய வாரங்களில் அவளுடைய பாடசாலையில் கறுப்பின மக்களின் வரலாற்றையும் அரசியலமைப்பையும் படிப்பித்திருந்தார்கள். அடிமைத்தனத்தை எதிர்த்த ஹரியட் டப்மனும் சோஜர்னர் ட்ரூத்தும் ஆளுக்கொரு தோளில் கைவைத்துத் தன்னை ஆசனத்தில் அழுத்திப் பிடித்தது போலிருந்தது என்று பிற்காலத்தில் அவர் சொன்னார்.

ஒன்பது மாதங்களின் பின், டிசம்பர் 1ஆம் திகதி ரோசா பார்க்ஸ் கைதானார். உலகம் அறிந்த பெயர் அதுதான். அன்றிரவே வேலையைத் தொடங்கியவரும் ஓர் ஆசிரியைதான். அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்த ஜோ ஆன் ரொபின்சன், விடிய விடியக் கல்லூரியின் ரோனியோ இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டுப்பிரசுரங்களை அச்சடித்தார். பஸ்ஸில் ஏறாதீர்கள் என்பதே செய்தி. அது திடீர்க் கோபமும் அல்ல. 1954 மே மாதமே, நிலைமை மாறாவிட்டால் மக்கள் பஸ்ஸைப் புறக்கணிக்கக்கூடும் என்று அவர் நகர மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

டிசம்பர் 5ஆம் திகதி தொடங்கிய பகிஷ்கரிப்பு 381 நாட்கள் நீடித்தது. மக்கள் நடந்தார்கள், கார்களைப் பகிர்ந்துகொண்டார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டுக்குக் குண்டு வீசப்பட்டது. இவ்வளவையும் நம் பாடப் புத்தகங்கள் சொல்லும். சொல்லாமல் விடும் பகுதி ஒன்று இருக்கிறது. பஸ்ஸில் பிரிவினையைச் சட்டப்படி ஒழித்தது ஒரு வழக்கு.

ரோசா பார்க்ஸின் வழக்கு குற்றவியல் வழக்கு. அது மாநில நீதிமன்றங்களில் மேன்முறையீட்டில் ஆண்டுக்கணக்கில் இழுபடலாம். 25 வயதுச் சட்டத்தரணி பிரெட் கிரே வேறு வாசலால் நுழைந்தார். அரசியலமைப்பு தந்த உரிமையை மாநில அதிகாரிகள் பறித்தால் அவர்களுக்கு எதிராகச் சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர 1871ஆம் ஆண்டுச் சட்டமொன்று இடமளித்தது. 1868இல் வந்த 14ஆவது திருத்தம், சட்டத்தின் சமமான பாதுகாப்பை எவருக்கும் எந்த மாநிலமும் மறுக்கக்கூடாது என்கிறது. 1896இல் உயர் நீதிமன்றம் "பிரித்து வைத்தாலும் சமம்தான்" என்ற கொள்கையை ஏற்று அந்தத் திருத்தத்தை வெறும் எழுத்தாக்கியிருந்தது. 1954இல் பாடசாலைகள் தொடர்பான பிரவுண் வழக்கில் அதே நீதிமன்றம் அக்கொள்கையை நிராகரித்தது. பாடசாலைக்குப் பொருந்துவது பஸ்ஸுக்கும் பொருந்தாதா என்பதே கிரேயின் கேள்வி.

1956 பெப்ரவரி 1ஆம் திகதி ஐந்து பெண்களின் பெயரில் வழக்குத் தாக்கலானது. மிரட்டலுக்கு அஞ்சி ஒருவர் விலகிக்கொண்டார். நால்வர் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி நம் குளோடெட். மே மாதம் சாட்சிக் கூண்டில் ஏறியபோது அவளுக்கு வயது 16. உங்களுக்குத் தலைவர் யார் என்று நகரத் தரப்புச் சட்டத்தரணி கேட்டார். எங்களுக்குத் தலைவர் நாங்களேதான் என்றாள் அவள்.

ஜூனில் மூன்று நீதிபதிகளில் இருவர் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். நவம்பர் 13இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே நாளில்தான் மொண்ட்கொமரி நீதிமன்றமொன்று, மக்கள் ஓடவிட்ட கார்ச் சேவைக்குத் தடை விதித்தது. தீர்ப்பு வராமலிருந்தால் அந்தப் போராட்டம் எவ்வளவு நாள் தாங்கியிருக்கும்? 381 நாட்கள் நடந்த கால்கள் இல்லாமல் அந்த வழக்குக்கு உயிர் இருந்திருக்குமா? இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

அந்தப் போராட்டங்களின் அறுவடைதான் 1964ஆம் ஆண்டுச் சிவில் உரிமைகள் சட்டம். நிறம், இனம் மட்டுமல்ல, மதத்தின் பெயராலும் வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது அது. 2008இல் ஒக்லஹோமாவில் ஹிஜாப் அணிந்த 17 வயது முஸ்லிம் பெண்ணுக்கு ஒரு பிரபல ஆடை நிறுவனம் வேலை மறுத்தது. சம வேலைவாய்ப்பு ஆணைக்குழு அவருக்காக வழக்காடியது. 2015இல் உயர் நீதிமன்றம் 8க்கு 1 என அவர் பக்கம் நின்றது. கறுப்பினத் தாய்மார் நடந்து தேய்த்த செருப்புகளுக்கு ஒரு முஸ்லிம் பிள்ளை கடன்பட்டிருக்கிறாள். ஒருவர் உரிமைக்காக நின்றால் அதன் நிழல் யார் யார் மீது விழும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

உரிமைக்குக் காலக்கெடுவும் உண்டு. அந்த ஆணைக்குழுவிடம் பொதுவாக 180 நாட்களுக்குள், பல மாநிலங்களில் 300 நாட்களுக்குள் முறைப்பாடு செய்யவேண்டும். அறியாதவருக்கு நாட்கள் கடந்துபோகும்.

குளோடெட்டைத் தலைவர்கள் அன்று முன்னிறுத்தவில்லை. வயது குறைவு, ஏழை, பின்னர் திருமணமின்றிக் கருவுற்றாள் என்று தயங்கினார்கள். அவர் மீதான சிறுவர் நீதிமன்றப் பதிவு அழிக்கப்பட்டது 2021இல், அவருடைய 82ஆவது வயதில். நீதி வந்தது, மிகவும் பிந்தி வந்தது.

ஆகவே ஆசிரிய உறவுகளே, நாளை காலை பின்வரிசைப் பிள்ளை தூங்கிவழிந்தாலும் அந்தப் பாடத்தைச் சரியாகவே நடத்துவோம். அதில் ஒரு வரி எந்தப் பிள்ளைக்கு, எந்த நாளில், எந்த பஸ்ஸில் தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது.