மொறிஸ் மைனரின் முன்கண்ணாடி

ஐம்பதுகளின் ஆங்கிலக் கார்கள் யாழ்ப்பாணத்து வீதிகளில் அத்தனை காலம் ஓடியதற்கு எங்களவரின் சிக்கனமே காரணம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நான் அதனை ஏற்பதில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை ஒஸ்ரின் ஏ-40உம் மொறிஸ் மைனரும் கைவைத்தியத்தால்தான் உயிர்வாழ்ந்தன.

எண்பதுகளின் முற்பகுதியில் தெல்லிப்பழைத் தோட்டக்காரர் ஒருவரின் முற்றத்தில் அவ்வைத்தியத்தை நேரிற் கண்டேன். சுன்னாகம் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றும் மொறிஸ் பிக்அப்புக்கு முன்கண்ணாடி மாற்றினார்கள். பசை எதுவுமில்லை, கண்ணாடியைத் தாங்குவது றப்பர் மட்டுமே. அதன் ஒரு பள்ளத்தில் கண்ணாடியும் மற்றதில் தகர விளிம்பும் அமரும். பழையதை உள்ளிருந்து நெம்பித் தள்ளி எடுத்தபின், விளிம்பின் துருவைச் சுரண்டவே அரைநாள் போயிற்று. துரு மிஞ்சினால் மாரியில் ஒழுகும், கண்ணாடியும் வெடிக்கும். பின்னர் றப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, தகரம் அமரவேண்டிய பள்ளத்தில் மெல்லிய கயிற்றை ஓடவிட்டு, சவர்க்கார நீர் பூசினார்கள். வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளேயிருந்தவர் கயிற்றை இழுக்க இழுக்க, றப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி ஏறியது. "ஆறுதலா இழு தம்பி" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

அவ்வளவு பயத்துக்குக் காரணம் உண்டு. 1948இல் வெளிவந்த மைனருக்கு நடுவே பிரிந்த இரு தட்டைக் கண்ணாடிகள். தட்டையானதைக் கண்ணாடிக் கடையில் வெட்டுவித்துப் பொருத்தலாம். 1956இல் ஒரே வளைந்த கண்ணாடி வந்தது. அதை வெட்டி எடுக்க வழியில்லை. உறுதியாக்கிய கண்ணாடியில் வெட்டுக்கருவி பட்டால் முழுவதும் பொடியாகும். வேறொரு வண்டியிலிருந்து உடையாமல் கழற்றினால்தான் உண்டு.

1990 யூனில் போர் மீண்டது. வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பொருளாதாரத் தடையால் பெற்றோல் அற்றுப்போக, காபுரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிப்பாகங்களுக்குச் செத்த வண்டிகளே களஞ்சியம்.

இதே தொண்ணூறுகளில் இலங்கையின் தெற்கே மொறிஸ் மைனருக்குத் தகர உடற்பாகங்கள் செய்து இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மைனர் நிலையத்துக்குக் கப்பலேற்றினார்கள். அதை நடத்திய சார்ள்ஸ் வேயர், பழைய காரைக் காப்பதே சிக்கனம் என்று வாதிட்டவர். இலங்கைத் தகரம் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது; கிளாலிக் கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு ஒரு கண்ணாடி வருவது பெரும்பாடு.

அந்தப் பிக்அப் முற்றத்திலேயே விடப்பட்டது. 2009இல் போர் முடிந்தபின் காணிகள் கட்டங்கட்டமாக விடுபட்டன. தங்கள் காணிக்குப் போய்வந்த உரிமையாளரின் மகன் பின்னர் என்னிடம் சொன்னார்: பற்றைக்குள் அடிச்சட்டமும் முன்பக்கக் கூடும் மட்டும் கிடந்தனவாம். முன்கண்ணாடி இல்லை. குனிந்து தேடிப் பார்த்தாராம். நிலத்தில் ஒரு சில்லுக்கூட இல்லை.