அரகொண்டாவும் அலைவரிசை வைத்தியமும்

ஆந்திராவின் சித்தூரிலிருந்து பதினாறு கிலோமீட்டர் தள்ளி, தவணம்பள்ளி மண்டலத்தில் அரகொண்டா இருக்கிறது. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது அதில் பாதி உடைந்து இங்கே விழுந்ததாம். அர்த்தகிரி ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பௌர்ணமிக் கூட்டம் இன்றும் குறையவில்லை. அங்குள்ள தீர்த்தம் நோய் தீர்க்கும் என்று வருகிறவர்கள் பாட்டிலில் பிடித்துப் போகிறார்கள்.

தீர்த்தத்துக்கு அடங்காத நோய் என்றால் சித்தூர்க்காரர்களுக்கு வழி ஒன்றுதான்: வேலூர். 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையின் வராந்தாவில் தமிழுக்கு இணையாகத் தெலுங்கும் கேட்கும். அதையும் தாண்டிய சிக்கலென்றால் சென்னை. பேருந்துச் செலவு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு, லாட்ஜ் வாடகை எல்லாம் சேர்ந்து வைத்தியச் செலவையே விழுங்கிவிடும்.

அரகொண்டாவில் பிறந்து, சென்னை ஸ்டான்லியில் படித்து, அமெரிக்கா போய்த் திரும்பிய டாக்டர் பிரதாப் சி. ரெட்டி 1983-இல் சென்னையில் அப்போலோ மருத்துவமனையைத் திறந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் சொந்த ஊரில் ஐம்பது படுக்கை மருத்துவமனை ஒன்றைக் கட்டினார். கட்டடம் வந்தது, சி.டி. ஸ்கேன் வந்தது, எக்கோ வந்தது. இதய நிபுணரும் நரம்பியல் நிபுணரும் குடும்பத்தோடு வந்து குடியேறுவார்களா? மாட்டார்கள் என்பதால், நிபுணரை நகரத்திலேயே விட்டுவிட்டு அவர் கண்ணையும் காதையும் மட்டும் வரவழைக்கும் யோசனை பிறந்தது.

முதலில் கையில் இருந்தவை சாதாரண வெப் கேமராவும் ஐ.எஸ்.டி.என். தொலைபேசி இணைப்பும்தான். பிறகு இஸ்ரோ விசாட் எனும் செயற்கைக்கோள் கிண்ணம் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தது. 2000 மார்ச் 24 அன்று, ஹைதராபாத் வந்திருந்த அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் இத்திட்டத்தை முறைப்படி தொடங்கிவைத்தார். சித்தூர் மாவட்டத்துக்காரரான சந்திரபாபு நாயுடு அப்போது ஆந்திர முதல்வர். கணினி என்ற சொல்லே மந்திரம் போல ஒலித்த காலம் அது. நாட்டின் முதல் கிராமப்புறத் தொலைமருத்துவ மையம் என்று அரகொண்டா பெயர் பெற்றது.

தொடக்க விழாப் புகைப்படத்துக்குப் பின்னால் இருந்த வேலை அவ்வளவு மினுமினுப்பானதல்ல. எட்டு மெகாபைட் அளவுள்ள ஒரு மார்பு எக்ஸ்ரேயை நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் அனுப்ப எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே படத்தையும் நோய்க் குறிப்பையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டு, பேச்சைப் பின்னால் வைத்துக்கொள்வார்கள். செயற்கைக்கோள் வழியே பேசினால் இன்னொரு தொல்லை. 36,000 கிலோமீட்டர் மேலே போய் இறங்க ஒரு சொல்லுக்குக் கால் நொடி, பதில் வர இன்னொரு கால் நொடி. பழகாதவர்கள் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கே விழுவார்கள். இதற்கெல்லாம் நடுவே நோயாளியின் வயிற்றில் கைவைத்து, “இங்கே அழுத்தினால் வலிக்கிறதா?” என்று கேட்க உள்ளூர் மருத்துவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். தொலைமருத்துவம் என்ற பேச்சில் அதிகம் மறக்கப்படுபவர் அவர்தான்.

பணத்துக்கும் ஒரு யோசனை செய்தார்கள். நாளுக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கில் ஊர்க்காரர்களுக்கு மருத்துவக் காப்பீடு. கேமராவை விட இதுதான் துணிச்சலான புதுமை என்று சொல்லலாம். நோய் வராதபோது நோய்க்குப் பணம் கட்டும் பழக்கம் அன்றைய கிராமத்தில் ஏது?

புதிய வைத்தியத்தை மக்கள் நம்ப வேண்டுமே என்ற கவலை இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்குப் பக்கத்தில், ஆரோக்கியவரத்தில், 1915 முதல் காசநோய் சானடோரியம் இயங்கியது. டென்மார்க்கைச் சேர்ந்த ஃப்ரிமோட்-மோலர் அதன் முதல் தலைமை மருத்துவர். நாட்டில் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி 1948-இல் முதலில் சோதனை முறையில் போடப்பட்டது மதனப்பள்ளியில்தான். சித்தூர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. சில ஆண்டுகளிலேயே சென்னையில் அந்த ஊசிக்குக் கடும் எதிர்ப்புக் கிளம்பி, 1955-இல் ராஜாஜியே அதை எதிர்த்துத் தனிப் புத்தகம் எழுதினார். மருந்து சரியா தவறா என்பது ஒரு வழக்கு. கேட்காமல் கொடுத்தார்களே என்பது இன்னொரு வழக்கு. இன்று கைப்பேசிச் செயலியில் நோய்க்குறிப்பைச் சேர்க்கும்போது எழும் கேள்வியும் ஏறக்குறைய இரண்டாவது வகைதான்.

அரகொண்டாவுக்குப் பிறகு இஸ்ரோவின் தொலைமருத்துவ வலை விரிந்து முந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளைத் தொட்டது. ஆனால் கருவியை மானியத்தில் வாங்குவது சுலபம். மூன்றாம் ஆண்டில் பழுது பார்ப்பவருக்கும் ஆபரேட்டருக்கும் யார் சம்பளம் தருவது? நிபுணர் அரை மணி நேரம் திரை முன் உட்கார்ந்தால் அது எந்தக் கணக்கில் சேரும்? விடை இல்லாத இடங்களில் கருவிக்கு உறை போட்டு மூடினார்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை வேறு வழியில் போனது. 2004 வாக்கில் தேனிப் பக்கத்தில் கண் மையங்களைத் திறந்தபோது செயற்கைக்கோளையே தொடவில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, கோபுரத்துக்குக் கோபுரம் மலிவான நெடுந்தூர வை-ஃபை போட்டார்கள். அந்தந்தப் பகுதிப் பெண்களைப் பயிற்றுவித்து அமர்த்தி, சொற்பக் கட்டணம் வாங்கினார்கள். மையம் தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

சட்டம் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் மருந்து சொன்ன மருத்துவர் தம்பதி மீதான வழக்கில் 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் முன்ஜாமீன் மறுத்ததும் மருத்துவர்கள் பலர் பின்வாங்கினார்கள். தொலைமருத்துவத்துக்கான நெறிமுறை வந்தது 2020 மார்ச் 25 அன்று, நாடு ஊரடங்கில் நுழைந்த நாளில். கிளின்டன் தொடங்கிவைத்து இருபது ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன.

அடுத்த மாதமே அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி வீட்டிலிருப்பவர்களுக்கும் திறந்தது. 2023 பிப்ரவரியில் அதன் ஆலோசனைகள் நாடு முழுவதும் 10 கோடியைக் கடந்தபோது, ஆந்திரா மட்டுமே 3 கோடியைத் தாண்டி முதலிடத்தில் இருந்தது. தமிழ்நாடு ஒரு கோடிக்கு மேல் பெற்று இரண்டாமிடம். விசாட் கிண்ணத்தின் இடத்தில் கிராம சுகாதார ஊழியரின் டேப்லெட். சென்னை நிபுணரின் இடத்தில் பெரும்பாலும் மையத்தில் உட்கார்ந்திருக்கும் பொது மருத்துவர். அரகொண்டாவில் மூளைக் கட்டிக்கும் இதய அடைப்புக்கும் என்று கற்பனை செய்யப்பட்ட அலைவரிசையில் இப்போது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் காய்ச்சலும்தான் வரிசை கட்டுகின்றன. இது சரிவல்ல, கிராமத்துக்கு அன்றாடம் தேவைப்பட்டது இதுதான். ஆனால் எண்ணிக்கை சொல்வது எத்தனை அழைப்பு என்பதை மட்டும். அழைப்பு முடிந்ததும் எழுதிக் கொடுத்த மாத்திரை அந்த ஊர் மையத்தில் இருந்ததா, ‘மேல் சிகிச்சைக்குப் போ’ என்று சொல்லப்பட்டவர் திருப்பதிக்கோ வேலூருக்கோ போய்ச் சேர்ந்தாரா என்பது அந்தக் கோடிகளுக்குள் அடங்கவில்லை.