மூடி திறக்காத ராத்திரி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பாட்டில் மூடியைப் பற்றியது. "ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வேற வேலை இல்லையா?" என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் படிக்கலாம்.

போன வாரம் ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்குப் பேரனுக்கு நல்ல காய்ச்சல். மருந்து வீட்டிலேயே இருந்தது, புது பாட்டில். என் மனைவி அலுமினிய மூடியைப் பிடித்துத் திருகினாள். மூடி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. திறக்கவில்லை.

"ஏங்க, மரை கழண்ட மாதிரி சும்மா சுத்துதுங்க. நீங்க பாருங்க."

அவளுக்கு விரல் முட்டிகளில் வாதம். எனக்குக் கட்டைவிரல் மூட்டுத் தேய்மானம். முப்பத்தைந்து வருஷம் சாக்பீஸ் பிடித்த விரல். துணி சுற்றித் திருகினேன், வெந்நீரில் காட்டினேன், கதவிடுக்கில் வைத்து நெருக்கினேன். கடைசியில் வெங்காயம் நறுக்கும் கத்தியால் மூடியின் அடி வளையத்தை அறுத்தேன். வளையம் விட்டது, கத்தி நழுவியது, இடது ஆள்காட்டி விரலில் ரத்தம். பிள்ளை அழுகிறான். என் விரலுக்குத் துணி கட்டிக்கொண்டே அவனுக்கு மருந்து ஊற்றினோம்.

விடிந்ததும் காய்ச்சல் விட்டது. ஆனால் எனக்கு அந்த மூடி மனதை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் மூடியும் எங்கள் குடும்பமும் பழைய சிநேகிதம்.

நான் பிறந்து வளர்ந்தது மூலக்கொத்தளம். வெள்ளைக்காரன் காலத்தில் கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் கட்டினார்கள். மதிலுக்குக் கொத்தளங்கள் உண்டு. அதில் மூலையில் இருந்த கொத்தளம்தான் எங்கள் பேட்டையின் பெயர் என்பார்கள் பெரியவர்கள். மதிலின் ஞாபகம் வால்டாக்ஸ் ரோடு என்ற பெயரில் இன்னும் இருக்கிறது. 1939-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர் நீத்த நடராசனும் தாளமுத்துவும் அடங்கியிருப்பது எங்கள் மூலக்கொத்தளத்து இடுகாட்டில்தான். ஜனவரி மாதம் வந்தால் மாலையும் கூட்டமுமாக இருக்கும்.

கூட்டம் என்றால் சோடா. மேடைப் பேச்சாளர் தொண்டை கட்டினால் நிறுத்திவிட்டு ஒரு வாய் சோடா குடிப்பார், கூட்டம் கைதட்டும். அந்த சோடாவைப் பெட்டி பெட்டியாக ஏற்றிப் போனவர்களில் ஒருவர் என் நைனா. ஒரு சின்ன சோடா கம்பெனியில் வேலை. கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு கேஸ் சிலிண்டர், கையால் சுற்றும் ஒரு மிஷின், ஈரச் சாக்கு. அவ்வளவுதான்.

அப்போது எல்லாம் கோலி சோடா. இந்த பாட்டிலுக்குச் சொந்தக்காரர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர். 1872-இல் லண்டனில் காப்புரிமை வாங்கினார். அதில் தனி மூடியே கிடையாது. பாட்டில் கழுத்துக்குள்ளே ஒரு கண்ணாடிக் கோலி, வாய் ஓரத்தில் ஒரு ரப்பர் வளையம். தண்ணீரும் கேஸும் ஏற்றி பாட்டிலைத் தலைகீழாகச் சுற்றினால் கோலி உருண்டு வாய்க்கு வரும். உள்ளே இருக்கும் அழுத்தம் அதை ரப்பரோடு சேர்த்து இறுக்கிவிடும். நிமிர்த்தினாலும் விழாது. அதாவது எந்த கேஸ் வெளியே போகத் துடிக்கிறதோ, அதே கேஸ்தான் கதவையும் சாத்திக்கொள்கிறது. எவ்வளவு பெரிய மூளை பாருங்கள்.

திறக்கக் கட்டைவிரல் போதும். அல்லது மரத்தில் கடைந்த ஒரு சின்ன குமிழ். 'டொப்' என்று ஒரு சத்தம், கோலி உள்ளே இறங்கும். கழுத்தில் இரண்டு பள்ளம் வைத்திருப்பார்கள். அந்தப் பக்கமாகச் சாய்த்தால் கோலி அங்கே சிக்கிக்கொள்ளும், குடிக்கும்போது வாயை அடைக்காது.

ஆனால் சுற்றுகிறவனுக்கு ஆபத்து. பழைய பாட்டில், மயிரிழை விரிசல், அழுத்தம் ஏறினால் வெடிக்கும். நைனாவின் வலது புருவத்துக்கு மேலே ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. "ஒரு விரக்கடை கீழ எறங்கியிருந்தா கண்ணு பூட்டிருக்கும்டா" என்பார். கலவரம் என்றால் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வந்ததும் சோடா பாட்டில்தான். காரணம் இந்த அழுத்தம்.

பிறகு தகர மூடி வந்தது. நாம் எல்லாரும் சோடா மூடி என்று சொல்வது. 1892-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்றது. ஒரு தகரத் தட்டு, உள்ளே தக்கை, ஓரத்தில் மடிப்பு மடிப்பாகப் பல். மேலிருந்து ஒரே அமுக்கு. பல்லெல்லாம் பாட்டில் உதட்டைக் கவ்விக்கொள்ளும். மிஷினுக்கு இதைவிடச் சுகமான மூடி கிடையாது. பெயின்டரின் கம்பெனியில் விற்பனையாளராக இருந்தவர் கிங் கேம்ப் ஜில்லெட். ஒரு தடவை உபயோகித்துவிட்டுத் தூக்கிப்போடும் பொருளாகப் பார்த்துக் கண்டுபிடி என்று பெயின்டர் சொன்ன யோசனைதான் பிற்பாடு சவர பிளேடாக ஆனது என்பார்கள்.

சோடா மூடி எனக்கு இரண்டு வகையில் சொந்தம். சின்ன வயதில் பேசின் பிரிட்ஜ் பக்கம் தண்டவாளத்தில் வைத்து நசுக்கி, இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து விர்ரென்று சுற்றுவோம். (பிள்ளைகளே, நீங்கள் தண்டவாளம் பக்கம் போகாதீர்கள்.) வாத்தியார் ஆனபின் பெட்டிக்கடைகளில் கேட்டு வாங்கி, ஓரத்தைத் தட்டி மழுக்கி, இரண்டாம் வகுப்புக்குக் கணக்குச் சாமானாக வைத்திருந்தேன். ஒருநாள் ஒரு சிறுமி மூடியின் பல்லை எண்ணிவிட்டு வந்து, "சார், எல்லா மூடிக்கும் இருபத்தொண்ணு சார்" என்றாள். சரிபார்த்தோம். உண்மை. பெயின்டர் வைத்தது 24, பிறகு 21 என்று நிலைத்தது. அன்றைக்கு மூவேழு இருபத்தொன்று வாய்ப்பாடு அந்த வகுப்பில் யாருக்கும் மறக்கவில்லை.

ஆனால் நைனாவுக்கு அந்த மூடி பிடிக்கவே இல்லை. "கோலிக்கு வெரலு போதும்டா. இதுக்கு இரும்பு வேணும்" என்பார். அவர் பொழைப்பும் அதோடு மெல்லக் குறைந்தது. லாரியில் வரும் கலர் பாட்டில்கள் எல்லாம் தகர மூடிதான். கை மிஷின் கொட்டகை எத்தனை நாள் தாங்கும்?

ஆனால் அவர் சொன்னதில் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. மூடிக்கு இரண்டு எஜமானர்கள். ஒன்று தொழிற்சாலை. அதற்கு மேலிருந்து அமுக்கினால் டப்பென்று பொருந்த வேண்டும், ஏனென்றால் திருகுவதைவிட அமுக்குவது வேகம். இன்னொன்று நம் கை. அதற்குப் பிடுங்குவது கஷ்டம், திருகுவது சுலபம். திருகிய மூடியைத் திரும்பவும் போடலாம். அமுக்கி மூட வேண்டும், திருகித் திறக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மூடியில் கொண்டுவருவது எப்படி? நூறு வருஷமாக இதற்குத்தான் விதவிதமாக விடை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் விடை, 1960களில் அமெரிக்காவில் பரவிய திருகு சோடா மூடி. அதே தகர மூடிதான், அதே அமுக்குதான். ஆனால் பாட்டில் உதட்டில் மெல்லிய மரை. அமுக்கும்போது தகரம் அந்த மரையின் அச்சை வாங்கிக்கொள்ளும். திறக்க இரும்பு வேண்டாம், கையால் திருகலாம்.

இரண்டாவது, குழந்தை உணவுக் கண்ணாடிக் குப்பிகளில் வந்த மூடி. அதன் உள் ஓரத்தில் மெத்தென்ற பிளாஸ்டிக் பூச்சு. ஆவியில் இளக்கி நேராக அமுக்குவார்கள். ஆறியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடியை இழுத்துப் பிடிக்கும். பூச்சில் கண்ணாடி மரையின் தடம் பதிந்துவிடும். தாய் திருகினால் திறக்கும்.

மூன்றாவது, அமெரிக்காவில் பால் வரும் பெரிய பிளாஸ்டிக் குடுவைகளின் மூடி. இதில் மரையின் வடிவத்தில்தான் சூட்சுமம். காசிமேட்டுக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்படி சொல்கிறேன். தூண்டில் முள் உள்ளே போவது சுலபம், வெளியே இழுத்தால் மாட்டிக்கொள்ளும். அதே போல, மரையின் ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்து. மேலிருந்து அமுக்கினால் மூடியின் சுவர் கொஞ்சம் விரிந்து, சரிவில் வழுக்கி, மரையைத் தாண்டி 'டக் டக்' என்று உட்காரும். இழுத்தால் செங்குத்துப் பக்கம் தடுக்கும். திருகினால் மட்டும் ஏறி வரும். ஒரே நீள மரையாக வைத்தால் பல சுற்றுத் திருக வேண்டும் என்பதால், பல சின்ன மரைகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். கொஞ்சம் திருகினாலே கழன்றுவிடும்.

நான்காவதுதான் என் விரலைப் பதம் பார்த்த அலுமினிய மூடி. தொழிற்சாலைக்கு வரும்போது இதில் மரையே இருக்காது. வெறும் மொழுமொழுவென்ற குவளை. பாட்டிலில் கவிழ்த்து மேலே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்ன உருளைகள் சுற்றி வந்து அலுமினியத்தைக் கண்ணாடி மரைக்குள் அழுத்தும். பாட்டில்தான் மூடிக்கு மரை கற்றுக்கொடுக்கிறது, வாத்தியார் மாதிரி. அடியில் இருக்கும் வளையத்தையும் கழுத்துக்குக் கீழே மடித்துவிடும். திறந்தால் வளையம் தனியாக அறும். யாரும் முன்பே திறக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

உருளை சரியாக அழுத்தாவிட்டால் பாடம் அரைகுறை. மரை ஆழமாகப் பதியாது. அல்லது வளையத்தை இணைக்கும் சின்னப் பாலங்கள் அறாமல் முரண்டு பிடிக்கும். அப்போது மூடியும் வளையமும் சேர்ந்து சும்மா சுற்றும். என் மனைவி சொன்ன "மரை கழண்ட மாதிரி" என்பது நூற்றுக்கு நூறு சரியான விடை.

குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலையும் கையில் எடுத்துப் பாருங்கள். கழுத்து மரையில் நெடுக்காகச் சில வெட்டு இருக்கும். அலங்காரம் அல்ல. மூடி முழுதாகக் கழல்வதற்கு முன்பே கேஸ் 'உஸ்' என்று அந்த வழியாக வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் மூடி பறந்து கண்ணில் அடிக்கும். நைனாவின் புருவத் தழும்பைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தச் சின்ன வெட்டைப் பார்த்தால் கை எடுத்துக் கும்பிடத் தோன்றும்.

இதற்கு நேர் எதிர், இன்றைக்கு நம் சென்னை முழுக்க ஏறி இறங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன். பெரும்பாலும் அமுக்கி மூடுகிற மூடி, திருக வழியில்லை. காதைப் பிடித்துக் கிழித்துப் பிடுங்க வேண்டும். எங்கள் பக்கம் மாடி வீடுகளில் தனியாக இருக்கும் கிழவிகள், கேன் போடும் பையனையே, "கண்ணு, அதையும் தொறந்து வெச்சிட்டுப் போப்பா" என்று கெஞ்சுவதைக் கேட்டிருக்கிறேன். தொழிற்சாலைக்குச் சுகம், கைக்குத் தண்டனை.

ஒரு மூடி நல்லதா கெட்டதா என்று யாரை வைத்துச் சோதிப்பது? இதற்கு உலகத்தில் ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. மாத்திரையை மிட்டாய் என்று குழந்தைகள் விழுங்கிவிடுவதைத் தடுக்க, 1967-இல் கனடாவின் வின்ட்சர் நகரத்து மருத்துவர் ஆன்ரி ப்ரோவின் முயற்சியால் அமுக்கித் திருகும் மூடி வந்தது. 1970-இல் அமெரிக்கா அப்படிப்பட்ட மூடிகளுக்குச் சட்டமே போட்டது. குழந்தைகளிடம் கொடுத்துப் பார்ப்பார்கள், திறக்கக் கூடாது. பெரியவர்களிடம் கொடுத்துப் பார்ப்பார்கள், திறக்க வேண்டும். அந்தப் பெரியவர்கள் முதலில் 18 முதல் 45 வயதுக்காரர்கள். வயதானவர்களால் திறக்க முடியாமல், மூடியைத் திறந்தபடியே விட்டுவைத்தார்கள். அதைப் பேரப்பிள்ளைகள் எடுத்தன. 1995-இல் விதியை மாற்றினார்கள். இனிமேல் 50 முதல் 70 வயதுள்ளவர்கள் திறந்து காட்ட வேண்டும் என்று.

இதுதான் நான் சொல்ல வந்தது. மூடியை இளவட்டக் கைக்கு மட்டும் கொடுத்துச் சோதித்தால் போதாது. விரல் முட்டி வீங்கிய ஒரு பாட்டி, ராத்திரி ஒன்றரை மணிக்கு, மங்கல் வெளிச்சத்தில், அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திறக்க முடிந்தால்தான் அது மூடி. மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மூடி திறக்காவிட்டால் அது அலமாரியில் இருக்கும் பொம்மைதான்.

கடைசியாக ஒரு உபயோகமான விஷயம். அலுமினிய மூடி சும்மா சுற்றினால் பலத்தைக் காட்டாதீர்கள். சின்ன குறடு இருந்தால் அடி வளையத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மூடியைத் திருகுங்கள், பாலங்கள் அறும். புது மருந்து வாங்கினால் பகலிலேயே மூடி அறுகிறதா என்று பார்த்துவையுங்கள். அதைவிட நல்லது, மருந்துக் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லி வாங்குவது. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். கடைக்காரத் தம்பி சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

நைனாவின் மரக் குமிழ் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. பேரன் அதைப் பம்பரம் என்று நினைத்துக்கொண்டு சுற்றப் பார்க்கிறான். ஒரு கோலி சோடா வாங்கி அவன் கட்டைவிரலாலேயே திறக்க வைக்க வேண்டும். காய்ச்சல் முழுசாக விடட்டும்.

உங்கள் தெருவில் சோடா கம்பெனி இருந்ததா? ஞாபகம் இருப்பவர்கள் எழுதுங்கள்.